அல்காரிதம் பாடமான வரலாறு

பொறியியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் மாணவர்கள் இரண்டாம் ஆண்டு வாக்கில் படிக்கும் அல்காரிதம் பாடம் வயதில் இளையது. தனிப்பாடமாக அது உருவெடுத்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஆனால் அதில் கற்பிக்கப்படும் முறைகளில் சில மிகப் பழையவை. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் வழி, கி.மு. 300-ஐ ஒட்டி யூக்ளிட் தொகுத்த நூலிலேயே இருக்கிறது. முறைகள் முன்பே இருந்தும் பாடம் பிந்தி வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு முறை சரியான விடை தருகிறதா என்று மட்டும் பார்த்தவரை, அது அந்தந்தத் துறையின் கருவியாகவே இருந்தது. கணக்கின் அளவு பெருகும்போது வேலை எவ்வளவு பெருகும் என்ற கேள்வி எழுந்த பிறகே, வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடந்த முறைகளை ஒரே அளவுகோலால் அளந்து ஒரு பாடமாகக் கோக்க முடிந்தது.

பாடத்துக்கு முன் வந்த தேவைகள்

இன்றைய பாடத்திட்டத்தின் பல தலைப்புகள் கணிதத் துறைக்கு வெளியே, யாரோ ஒருவருக்கு ஏற்பட்ட நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தவை. செக்கோஸ்லோவாகியாவின் மொராவியாப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வேலை நடந்தபோது, எல்லா ஊர்களையும் இணைக்க மிகக் குறைந்த நீளக் கம்பி போதுமாறு தடம் அமைப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. கணிதவியலர் ஓட்டகார் போருவ்கா 1926-ல் அதற்கு விடை கண்டார். 1930-ல் வொய்ட்டேக் யார்னிக் வேறொரு வழியைத் தந்தார். அமெரிக்காவில் ஜோசப் குரூஸ்கல் 1956-ல் மற்றொரு முறையை வெளியிட்டார். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் பிரிம், யார்னிக்கின் முறையை 1957-ல் தாமாகவே மீண்டும் கண்டுபிடித்தார். பாடநூல்களில் இன்று ‘சிறும விரிமரம்’ என்ற தலைப்பின் கீழ் வரும் பிரிம், குரூஸ்கல் முறைகளின் பின்னணி இதுதான்.

வரிசைப்படுத்தலும் தேடலும் கணினியோடு சேர்ந்தே வகுப்பறைக்கு வந்தன. 1946-ம் ஆண்டுக் கோடையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியல் பள்ளியில், கணினி வடிவமைப்பு குறித்து ஒரு சொற்பொழிவுத் தொடர் நடந்தது. எனியாக் கணினியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் மாக்லி அதில் வரிசைப்படுத்தல் பற்றிப் பேசினார். வரிசையாக உள்ள பட்டியலை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடும் இருமத் தேடலும் அந்தப் பேச்சில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டே ஜான் ஃபான் நாய்மன், இரண்டு வரிசைகளை இணைத்துப் பெரிய வரிசையாக்கும் மெர்ஜ் சார்ட் முறையைக் கணினிக்கான நிரலாக எழுதியிருந்தார்.

1950-களில் இத்தகைய முறைகள் அடுத்தடுத்து வந்தன. எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோ நடத்திய தகவல் கோட்பாட்டு வகுப்பில், இறுதித் தேர்வு எழுதலாம் அல்லது ஒரு கட்டுரை தரலாம் என்று மாணவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. மின்பொறியியல் மாணவர் டேவிட் ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடு என்று அமைத்து, செய்தியின் மொத்த நீளத்தை இயன்ற அளவு குறைக்கும் வழி அவருக்குப் பிடிபட்டது. 1952-ல் வெளியான ஹஃப்மன் குறியீடு, ஒவ்வொரு கட்டத்திலும் அப்போதைக்குச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் கிரீடி முறைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் கற்பிக்கப்படுகிறது.

ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் பணியாற்றிய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஆர்மாக் என்ற புதிய கணினியின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்ட எளிதில் புரியும் கணக்கு ஒன்றைத் தேடினார். நெதர்லாந்தின் இரண்டு நகரங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதை எது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1956-ல் அவர் கண்ட முறை 1959-ல் மூன்று பக்கக் கட்டுரையில் வெளிவந்தது. கணினியின் பின்பலகையில் செம்புக் கம்பியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கேள்விக்கும் அதே கட்டுரை விடை தந்தது.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ரிச்சர்ட் பெல்மன், பல கட்டங்களாக எடுக்கவேண்டிய முடிவுகளை ஆராய்ந்து டைனமிக் புரோகிராமிங் முறையை வளர்த்தார். அதே நிறுவனத்தின் லெஸ்டர் ஃபோர்டும் டெல்பர்ட் ஃபல்கர்சனும் 1956-ல் வெளியிட்ட வலையமைப்புப் பாய்வு முறைக்குத் தூண்டுதலாக இருந்தது, சோவியத் ரயில் பாதைகளின் சுமைத்திறனைக் கணக்கிட 1955-ல் எழுதப்பட்ட இரகசிய அறிக்கை. மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு மாணவராகச் சென்றிருந்த ஆங்கிலேயர் டோனி ஹோருக்கு, ரஷ்ய மொழி வாக்கியங்களைக் கணினியால் மொழிபெயர்க்கும் முயற்சியின்போது, சொற்களை அகரவரிசையில் அடுக்கும் தேவை வந்தது. 1959-ல் அவர் சிந்தித்த குவிக் சார்ட், 1961-ல் அமெரிக்கக் கணினிச் சங்கமான ஏ.சி.எம். இதழில் ‘அல்காரிதம் 64’ என்ற எண்ணோடு வெளியானது.

அந்த எண்ணே அன்றைய நிலையைக் காட்டுகிறது. 1960 முதல் ஏ.சி.எம். இதழ் அல்காரிதங்களை எண்ணிட்டு, பெரும்பாலும் அல்கால் மொழியில் அச்சிட்டுவந்தது. வேண்டுபவர் வேண்டியதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவோ, எது எப்போது மேலானது என்பதோ அந்தத் தொகுப்பில் முறையாகச் சொல்லப்படவில்லை.

கணினி வகுப்பில் கற்பித்தவை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953-ல் எண்முறைப் பகுப்பாய்விலும் தானியங்கிக் கணிப்பிலும் ஒரு டிப்ளமோ படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1962-ல் கணினி அறிவியலுக்குத் தனித்துறை அமைத்தது. ஸ்டான்ஃபோர்டு 1965-ல் அமைத்தது. இந்த வகுப்புகளில் எண்முறைக் கணிதத்துக்கே பேரிடம் இருந்தது. சமன்பாடுகளைத் தீர்ப்பது, தொகையிடுவது, அணிகளைக் கையாள்வது ஆகியவையே பொறியாளருக்குக் கணினியால் ஆகவேண்டிய வேலைகள் என்று கருதப்பட்டது. மற்ற நேரம் நிரல் எழுதவும் இயந்திரத்தின் அமைப்பை அறியவும் செலவானது.

1968 மார்ச்சில் ஏ.சி.எம். வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பிற்காலக் கணினிப் படிப்புகளுக்கு அடித்தளமானது. அதில் 22 பாடங்கள் இருந்தன. தரவு அமைப்புகளுக்கு ஒரு பாடம் உண்டு. எண்முறைப் பகுப்பாய்வுக்கு இடைநிலையிலேயே இரண்டு உண்டு. அல்காரிதம் என்ற பெயரில் மட்டும் தனிப்பாடம் இல்லை.

படிகளை எண்ணும் கலை

வேலையின் வளர்ச்சி வேகத்தை அளக்கும் சிந்தனை பல இடங்களில் ஒரே காலத்தில் முளைத்தது. 1960-ல் மாஸ்கோவில் ஆந்த்ரேய் கோல்மகோரோவ் நடத்திய கருத்தரங்கில், இரண்டு நீண்ட எண்களைப் பெருக்க, இலக்கங்களின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஈடான படிகள் கட்டாயம் தேவை என்ற ஊகத்தை அவர் முன்வைத்தார். பள்ளியில் கற்கும் பெருக்கல் முறைக்கு அவ்வளவு படிகள் ஆகின்றன. அதைவிடச் சிறந்த வழி இருந்திருந்தால் இத்தனை நூற்றாண்டுகளில் யாராவது கண்டிருப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். அங்கிருந்த இளம் மாணவர் அனத்தோலி கராட்சுபா ஒரு வாரத்துக்குள் அந்த ஊகத்தைப் பொய்யாக்கினார். ஒவ்வோர் எண்ணையும் இரு பாதிகளாக வெட்டினால் நான்கு சிறு பெருக்கல்கள் வரும். கூட்டல் கழித்தலைச் சற்று அதிகமாக்கினால் மூன்றே போதும் என்று அவர் காட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு மூன்றாகக் குறைவதால், எண்கள் நீளநீளச் சேமிப்பும் பெருகுகிறது. 1969-ல் ஃபோல்க்கர் ஸ்ட்ராசன் அணிப் பெருக்கலுக்கும் இதைப் போன்ற குறுக்குவழி உண்டு என்று நிறுவினார்.

1965-ல் யூரிஸ் ஹார்ட்மானிஸும் ரிச்சர்ட் ஸ்டேர்ன்ஸும் கணிப்புக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு கணக்குகளை வகைப்படுத்தும் கோட்பாட்டை வெளியிட்டனர். அதே ஆண்டில் ஜாக் எட்மண்ட்ஸ், உள்ளீட்டு அளவின் ஏதேனும் ஓர் அடுக்குக்குள் படிகள் அடங்கினால்தான் ஒரு முறையை நல்ல முறை என்று கொள்ளலாம் என வாதிட்டார்.

இந்தச் சிந்தனைகளை நிரல் எழுதுவோரின் கைக்குக் கொண்டுவந்தவர் டொனால்ட் நூத். கம்பைலர்கள் பற்றி ஒரு நூல் எழுத அடிசன்-வெஸ்லி பதிப்பகத்தோடு 1962-ல் ஒப்பந்தம் செய்தபோது அவர் கால்டெக்கில் ஆய்வு மாணவர். எழுதஎழுத அடிப்படைகளை விளக்கும் பகுதி விரிந்தது. 1965-ல் முடிந்த கைப்பிரதி சுமார் 3000 பக்கங்களை எட்டியது. அது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ‘கணினி நிரலாக்கக் கலை’ என்ற தலைப்பில் 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் முதல் மூன்று தொகுதிகள் வந்தன. மூன்றாம் தொகுதி முழுக்க முழுக்க வரிசைப்படுத்தலுக்கும் தேடலுக்கும் உரியது. ஒவ்வொரு முறையும் சராசரியாக எத்தனை படிகள் எடுக்கும், மிக மோசமான நிலையில் எத்தனை எடுக்கும் என்று கணித வழியில் கணக்கிடுவது அந்நூலின் தனித்தன்மை. ‘அல்காரிதப் பகுப்பாய்வு’ என்ற பெயரும் அவர் வைத்ததே.

எண் கோட்பாட்டில் பால் பாக்மன் 1894-ல் அறிமுகப்படுத்தி, எட்மண்ட் லாண்டாவ் பரப்பிய பிக் ஓ குறியீடு இந்தப் பகுப்பாய்வின் பொதுமொழியானது. இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் மாறிலிகளை ஒதுக்கிவிட்டு வளர்ச்சியின் வேகத்தை மட்டும் சொல்வது அதன் பயன். ஒமேகா, தீட்டா குறியீடுகளையும் சேர்த்து இந்த வழக்கை நூத் 1976-ல் ஒழுங்குபடுத்தினார்.

இதன் நடைமுறைப் பொருளை ஒரு கணக்கில் காணலாம். 10 லட்சம் பெயர்களை, ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்தில் செருகும் இன்செர்ஷன் சார்ட் முறையில் வரிசைப்படுத்த, சராசரியாக 25,000 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். மெர்ஜ் சார்ட்டுக்கு ஏறத்தாழ 2 கோடி போதும். நொடிக்கு 10 கோடி ஒப்பீடு செய்யும் கணினியில் முதல் முறைக்குச் சுமார் 42 நிமிடம் ஆகும். இரண்டாவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பெயர்களை 20 லட்சமாக்கினால் முதல் முறையின் நேரம் நான்கு மடங்காகி இரண்டே முக்கால் மணியைத் தாண்டும். இரண்டாவது அரை நொடிக்குள் முடியும். பத்து மடங்கு வேகமான கணினியை வாங்கினாலும், முதல் முறையால் அதே நேரத்தில் கையாளக்கூடிய பட்டியல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகத்தான் வளரும். கணினியின் வேகம் ஏறஏற நல்ல அல்காரிதத்தின் தேவை குறையும் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கு மாற்றியது. பொறியியல் மாணவருக்கு இது ஏன் கட்டாயப் பாடம் என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது.

பாடநூல்கள் தந்த வடிவம்

நூத்தின் தொகுதிகள் ஆழமானவை. ஒரு செமஸ்டருக்குள் அடங்காதவை. அவர் தம் நிரல்களை மிக்ஸ் என்ற கற்பனைக் கணினியின் இயந்திர மொழியில் எழுதியதும் தொடக்கநிலை மாணவருக்குச் சுமையாக இருந்தது. வகுப்பறைக்கு ஏற்ற வடிவத்தை 1974-ல் ஆல்ஃபிரட் ஏஹோ, ஜான் ஹாப்கிராஃப்ட், ஜெஃப்ரி உல்மன் மூவரும் எழுதிய நூல் தந்தது. எந்த முகவரியையும் ஒரே படியில் எட்டக்கூடிய ஓர் எளிய கற்பனை இயந்திரத்தை வரையறுத்து, எல்லா முறைகளையும் அதன்மேல் வைத்து அவர்கள் அளந்தார்கள். குறிப்பிட்ட கணினி எதையும் சாராமல் பாடம் நடத்த இது வழிசெய்தது.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது எல்லிஸ் ஹொரோவிட்ஸும் சர்தாஜ் சாஹ்னியும் 1978-ல் வெளியிட்ட நூல். சாஹ்னி கான்பூர் ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கணக்கின் வகையை வைத்து அத்தியாயங்களைப் பிரிக்கும் வழக்கத்தைவிட்டு, தீர்க்கும் உத்தியை வைத்து இந்நூல் பிரித்தது. பிரித்து வெல்லல், கிரீடி முறை, டைனமிக் புரோகிராமிங், பேக்டிராக்கிங், பிராஞ்ச் அண்ட் பவுண்ட் என அத்தியாயங்கள் அமைந்தன. மின்கம்பித் தடமும் ஹஃப்மன் குறியீடும் டைக்ஸ்ட்ராவின் பாதையும் ‘கிரீடி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தன. தனித்தனியே பிறந்த முறைகளுக்கு அடியில் ஓடும் பொதுச் சிந்தனையை மாணவர் காண இது உதவியது. முன்பின் பார்த்திராத கணக்கு வந்தால் எந்த உத்தியை முயல்வது என்ற பழக்கத்தையும் இது வளர்த்தது.

பாடத்தின் இறுதி அலகும் இந்தப் பத்தாண்டிலேயே அமைந்தது. டொரொண்டோவில் ஸ்டீஃபன் குக் 1971-ல் என்.பி.-முழுமை என்ற கருத்தை நிறுவினார். சோவியத் ஒன்றியத்தில் லியோனிட் லெவின் தனியாக அதே இடத்தை அடைந்து 1973-ல் வெளியிட்டார். பெர்க்லியின் ரிச்சர்ட் கார்ப், 1972-ல் என்.பி.-முழுமை இனத்தைச் சேர்ந்த 21 கணக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றுக்கு வேகமான வழி கிடைத்தால் அனைத்துக்கும் கிடைத்துவிடும் என்று காட்டினார். அத்தகைய வழி உண்டா இல்லையா என்பது இன்றும் தீராத கேள்வி. பொறியாளருக்கு இதில் ஒரு நேரடிப் பயன் உண்டு. கையில் உள்ள கணக்கு இந்த இனத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால், எல்லா நிலைகளுக்கும் பொருந்தும் விரைவான முழுத்தீர்வைத் தேடி அலையாமல், தோராயத் தீர்வுக்கோ சிறப்பு நிலைகளுக்கோ திரும்பலாம்.

இவை சேர்ந்த பிறகு பாடத்திட்டங்களும் மாறின. 1979-ல் வெளியான ஏ.சி.எம்.மின் அடுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில், தரவு அமைப்புகளும் அல்காரிதப் பகுப்பாய்வும் இணைந்த பாடம் அடிப்படைப் பாடங்களில் ஒன்றானது. அல்காரிதங்களுக்கென்றே ஒரு விருப்பப் பாடமும் சேர்ந்தது. பீட்டர் டென்னிங் தலைமையிலான குழு 1989-ல் கணினித் துறையை ஒன்பது உட்பிரிவுகளாக வகுத்தபோது, பட்டியலின் முதலிடத்தில் அல்காரிதங்களும் தரவு அமைப்புகளும் இருந்தன.

இந்திய வகுப்பறை

இந்தியாவில் பொறியியல் மாணவர்களுக்குக் கணினிப் பாடம் பரவலானதில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு முக்கியப் பங்கு உண்டு. 1963-ல் அங்கே ஐ.பி.எம். 1620 கணினி நிறுவப்பட்டது. துளை அட்டையில் ஃபோர்ட்ரான் நிரல் எழுத மாணவர்கள் கற்றார்கள். ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கே ஆசிரியராக இருந்து, கணினி அறிவியல் படிப்பை உருவாக்குவதில் முன்னின்றார். அவர் எழுதிய ஃபோர்ட்ரான் பாடநூல்களில் நாடெங்கும் பொறியியல் மாணவர்கள் நிரலாக்கம் கற்றனர். 1960-களில் முதுநிலையில் தொடங்கிய கணினிக் கல்வி, 1978-ல் அதே கழகத்தில் பி.டெக். படிப்பாக விரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370 கணினி வந்தது.

இந்தக் கட்டத்தில் கணினியில் வேலை செய்யும் நேரம் பங்கிட்டுத் தரப்பட்ட அரிய பொருள். அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். காகிதத்திலேயே படிகளை எண்ணிப் பார்த்து முறைகளை ஒப்பிடும் அல்காரிதப் பாடம் இந்தச் சூழலுக்குப் பொருந்தியது. ஹொரோவிட்ஸ்-சாஹ்னி நூலின் இந்தியப் பதிப்பு பல தலைமுறை மாணவர்களின் கையேடானது. கேட் நுழைவுத்தேர்வின் கணினி அறிவியல் தாளில் அல்காரிதம் தனிப்பகுதியாக இருப்பதும் பாடத்தின் இடத்தை உறுதிசெய்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ம் ஆண்டு விதிமுறையில், நான்காம் செமஸ்டரில் வரும் ‘அல்காரிதங்களின் வடிவமைப்பும் பகுப்பாய்வும்’ பாடம் ஐந்து அலகுகள் கொண்டது. முதல் அலகு பகுப்பாய்வின் அடிப்படை. நேரடி முயற்சியும் பிரித்து வெல்லலும் இரண்டாவது. டைனமிக் புரோகிராமிங்கும் கிரீடி முறையும் மூன்றாவது. படிப்படியாகத் தீர்வைச் செம்மையாக்கும் முறைகள் நான்காவது. அல்காரிதங்களின் எல்லைகளும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளும் ஐந்தாவது. உத்திகளை வைத்தே அத்தியாயம் பிரிக்கும் அனானி லெவிடினின் நூலை அது பின்பற்றியது. 2021 விதிமுறையில் பாடத்தின் பெயர் ‘அல்காரிதங்கள்’ என்று சுருங்கியது.

பெரும் பாடநூலும் திறந்த வகுப்பும்

1980-களில் கற்பிக்கும் முறை இரு கிளைகளாகப் பிரிந்தது. நூத்தின் மாணவர் ராபர்ட் செட்ஜ்விக் 1983-ல் வெளியிட்ட நூல் முறைகளைப் பாஸ்கல் மொழியில், ஓடக்கூடிய நிரல்களாகத் தந்தது. பிந்தைய பதிப்புகள் சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா என மொழி மாறின. எம்.ஐ.டி.யின் பாடத்திலிருந்து வளர்ந்து 1990-ல் வந்த தாமஸ் கார்மன், சார்லஸ் லைசர்சன், ரொனால்ட் ரிவெஸ்ட் ஆகியோரின் நூல் எந்த மொழியையும் சாராத போலிநிரலைக் கையாண்டு, ஒவ்வொரு முறைக்கும் சரித்தன்மை நிரூபணத்தையும் நேரப் பகுப்பாய்வையும் சேர்த்துத் தந்தது. 2001-ன் இரண்டாம் பதிப்பில் கிளிஃபர்ட் ஸ்டைன் இணைந்தார். நான்காம் பதிப்பு 2022-ல் வந்தது. 2011-க்குள் இந்நூல் 5 லட்சம் படிகள் விற்றிருந்தது. நிரலை ஓட்டிப் பார்த்துக் கற்பதா, நிரூபணத்தோடு கற்பதா என்ற கேள்விக்குக் கல்லூரிகள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே விடை சொல்கின்றன. நிரூபணம் வகுப்புக்கும் நிரல் ஆய்வகத்துக்கும் என்று வேலை பிரிந்துகொண்டது.

இளநிலை மாணவர் இந்தத் துறையின் எல்லையைத் தொட முடியும் என்பதற்கு இந்தியச் சான்று ஒன்று உண்டு. ஓர் எண் பகா எண்தானா என்பதை, எண்ணின் இலக்க அளவின் ஓர் அடுக்குக்குள் அடங்கும் படிகளில், வாய்ப்பை நம்பாமல் உறுதியாகச் சொல்லும் முறை உண்டா என்பது நீண்டகாலக் கேள்வி. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் அத்தகைய முறையை வெளியிட்டனர். கயலும் சக்சேனாவும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தார்கள், அவர்களுடைய இளநிலைத் திட்டப்பணியிலிருந்தே இந்த ஆய்வு வளர்ந்தது. 2006-ல் மூவருக்கும் கோடல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் வகுப்பறைக்கு வெளியிலும் பாடம் கிடைக்கத் தொடங்கியது. எம்.ஐ.டி. 2005-ல் லைசர்சனும் எரிக் டிமெய்னும் நடத்திய அல்காரித வகுப்புகளைப் பதிவுசெய்து இணையத்தில் இலவசமாகத் தந்தது. இந்தியாவில் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், டெல்லி ஐ.ஐ.டி.யின் நவீன் கர்க் தரவு அமைப்புகளையும் அல்காரிதங்களையும் நடத்தினார். சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் அல்காரித வகுப்பும் அதே மேடையில் கிடைக்கிறது.

1970-களில் உருவான எலும்புக்கூட்டைப் பாடம் இன்றும் பெரிதும் மாற்றவில்லை. படிகளை எண்ணும் பகுப்பாய்வு முதலில், உத்திகள் நடுவில், கணிப்பின் எல்லைகள் இறுதியில் என்ற வரிசையே தொடர்கிறது. ரேண்டம் முறைகள், தோராய அல்காரிதங்கள், இணையாக ஓடும் பல செயலிகளுக்கான முறைகள் ஆகியவை பாடநூல்களில் இடம்பெற்றாலும், இளநிலையில் அவை பெரும்பாலும் விருப்பப் பாடங்களுக்கே விடப்படுகின்றன.